பேச்சு என்று தட்டினால் ‘உ’ வந்தது: பிளவு கீபோர்டில் ஓராண்டுத் தமிழ்த் தட்டச்சு

இரண்டு பாதிகளையும் மேசையில் தனித்தனியாக வைத்து, அவற்றை இணைக்கும் நடுவயரைச் செருகி, புதுப் பிளவு கீபோர்டில் நான் முதலில் தட்டிய சொல் ‘பேச்சு’. திரையில் நின்றது ‘உ’. அழித்துவிட்டு மறுபடி தட்டினேன். மறுபடியும் ‘உ’. பிள்ளையார் சுழி போடாமல் ஒரு எழுத்தும் எழுதவிட மாட்டேன் என்று அது அடம்பிடிப்பதுபோல இருந்தது.

காரணம் பிடிபடப் பத்து நிமிடம் ஆனது. நான் தட்டுவது தமிழ்99 என்ற விசையமைப்பில். அதில் ‘ச’ இருக்குமிடம் சதுர அடைப்புக்குறி விசை, அதாவது மேல் வரிசையில் ஆங்கில ‘பி’க்கு (P) வலப்பக்கத்து விசை. நான் வாங்கியிருந்த கீபோர்டில் மொத்தமே 42 விசைகள். சதுர அடைப்புக்குறிக்கு அதில் தனி இடம் கிடையாது. ‘பி’க்குப் பக்கத்தில் பேக்ஸ்பேஸ் உட்கார்ந்திருந்தது. ப, ஏ என்று தட்டியதும் ‘பே’ வந்தது. ‘ச்ச’ வேண்டி அந்த விசையை இரண்டு முறை தட்ட, முதல் தட்டில் இரட்டைக்கொம்பு போனது, இரண்டாவது தட்டில் ‘ப’வும் போனது. கடைசியாகத் தட்டிய உகரம் மட்டும் அநாதையாக நின்றது.

இந்த 42 விசை வடிவத்தின் பெயர் கார்னே. ஜப்பானியர் ஒருவர் வடிவமைத்து, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று வரைபடத்தைத் திறந்துவிட்டது. ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்குச் சதுர அடைப்புக்குறி எப்போதாவது தேவைப்படும் ஒரு குறி. எனக்கோ அது சாப்பாடு, சம்பளம், செய்தி, சண்டை, பேச்சு எல்லாம்.

இது ஓராண்டுக் கதை. ஓர் ஆள், ஒரு கீபோர்டு. எல்லோருக்கும் இப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கீபோர்டைப் பிளந்ததால் போனது பாதி வலி. மீதி வலி போனது, ‘ச’வை இடம் மாற்றிய பிறகு.

வலி

திருச்சியில் வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். நாளுக்கு ஆறு மணி நேரம் விரல் விசையில்தான். பள்ளி முடித்த கோடையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்து, ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே’ என்று பக்கம் பக்கமாக அடித்து லோயர், ஹையர் இரண்டும் பாஸ் பண்ணியவள். மணிக்கட்டு மேசையில் சாய்ந்தால் மாஸ்டர் ஸ்கேலால் மேசையை ஒரு தட்டு தட்டுவார். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் லேப்டாப் வந்தபிறகு மணிக்கட்டைச் சாய்க்காமல் யார் தட்டினார்கள்?

வலி வலக்கையில் வந்தது. சுண்டுவிரலில் தொடங்கி, உள்ளங்கையின் வெளி ஓரம் வழியாக முழங்கை வரை ஒரு கோடு இழுத்தாற்போல. காலையில் எழுந்ததும் தோசைக் கரண்டியைப் பிடித்தால் விரல் மடங்க அடம்பிடிக்கும். இரண்டு தோளும் காதுவரை ஏறிக்கொண்டு இறங்க மறுக்கும். டாக்டர் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, பிசியோதெரபிக்குப் போங்கள் என்றார்.

பிசியோதெரபி செய்த பெண் முதலில் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. ‘தோளைத் தளர விட்டு, ரெண்டு கையையும் மேசை மேல நீட்டுங்க மேடம்’ என்றார். நீட்டினேன். இரண்டு கையும் தோள் அகலத்தில், தண்டவாளம் மாதிரி நேராகக் கிடந்தன. ‘இப்ப டைப் பண்றாப்ல வெச்சுக் காட்டுங்க.’ முழங்கைகள் இருந்த இடத்திலேயே இருக்க, உள்ளங்கைகள் நடுவுக்கு வந்தன. மணிக்கட்டு இரண்டும் சுண்டுவிரல் பக்கமாக ஒடிந்து நின்றன. ‘ஆறு மணி நேரம் இப்படியேவா?’ என்றார். அதற்கு மேல் அவர் விளக்கவில்லை. எனக்கும் தேவைப்படவில்லை.

இந்த ஒடிவு நேற்று கண்டுபிடித்த சங்கதி அல்ல. ஜெர்மனியில் கிளாக்கன்பெர்க் என்பவர் 1926-லேயே தட்டச்சுப்பொறியின் விசைகளை இரண்டு பாதியாகப் பிரித்துச் சாய்க்க வேண்டும் என்று எழுதிவிட்டார். இங்கிலாந்தில் 1970-களில் மால்ட்ரான் கீபோர்டை உருவாக்கிய லிலியன் மால்ட் தட்டச்சுப் பயிற்சி தரும் வேலையில் இருந்தவர். எங்கள் மாஸ்டர் வர்க்கம். கினிசிஸ் நிறுவனத்தின் குழிந்த கீபோர்டு 1992-லும் மைக்ரோசாஃப்டின் நேச்சுரல் கீபோர்டு 1994-லும் வந்தன. 1999-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் கைவலி உள்ள 80 பேருக்கு வெவ்வேறு கீபோர்டுகளைக் கொடுத்து ஆறு மாதம் பார்த்தார்கள். நேச்சுரல் கீபோர்டு கிடைத்தவர்களுக்கு, சாதாரணக் கீபோர்டு கிடைத்தவர்களைவிட வலி தணிந்தது. ஒரே நாளில் அல்ல, மாதக்கணக்கில். இதை நான் நினைவில் வைத்துக்கொண்டது நல்லதாகப் போயிற்று. இல்லையென்றால் முதல் வாரத்திலேயே திருப்பி அனுப்பியிருப்பேன்.

பதினெட்டு மெய், பதினாறு இடம்

பிளவு கீபோர்டு வாங்கலாம் என்று தோன்றியதற்கு இன்னொரு காரணம் தமிழ்99-இன் அமைப்பே. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி உருவாகி, அதே ஆண்டு ஜூனில் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு இது. உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். மேல் வரிசையில் ஆ ஈ ஊ ஐ ஏ, நடுவரிசையில் அ இ உ புள்ளி எ, கீழ் வரிசையில் ஔ ஓ ஒ. பன்னிரண்டு உயிரும் புள்ளியுமாகப் பதின்மூன்று விசைகள் இடப்பக்கம். உயிர்மெய் என்பதே ஒரு கை மெய், ஒரு கை உயிர் என்று மாறி மாறி விழுவதுதான். பிளவு கீபோர்டுக்கென்றே செய்தது போல இருக்கும்.

இருக்கும், கிட்டத்தட்ட. வலப்பாதியில் கால்புள்ளியையும் முற்றுப்புள்ளியையும் விட்டுவிட்டு எண்ணினால் பதினாறு இடம்தான் தேறும். மெய்யோ பதினெட்டு. மிஞ்சிய இரண்டும், ‘வ’வும் ‘ங’வும், இடப்பாதியின் கீழ் வரிசையில் வாடகைக்குக் குடியேறியிருக்கின்றன. சாதாரணக் கீபோர்டில் இது தெரியவே தெரியாது. ‘ங’ இருக்கும் ‘பி’ விசை (ஆங்கிலத்தில் ‘வி’க்கு அடுத்தது) இரண்டு கைக்கும் நடுவில் கிடப்பதால், மெய்தானே என்று வலக்கை ஆள்காட்டி விரலே போய் அதைத் தட்டிவிடும். பல ஆண்டுகளாக நான் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன் என்பது எனக்கே தெரியாது.

பிளந்த பிறகு தெரிந்தது. ‘நீங்கள்’ என்று தட்டும்போது வலக்கை ஆள்காட்டி விரல் ‘ங’ தேடி இடப்பக்கம் இறங்கி, வெறும் மேசையில் ‘டொக்’ என்று தட்டியது. திரையில் ‘நீகள்’. அன்று முழுக்க ‘நாகள்’, ‘அகே’, ‘எகே’. தமிழில் மரியாதைப் பன்மை இவ்வளவு என்பதே மேசை வாங்கிய அடியில்தான் எனக்கு உறைத்தது.

அந்த முதல் மாதம்

பக்கத்துத் தெருவில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். பலகையும் உதிரிகளும் தருவித்து, சால்டரிங் செய்து கொடுத்தது அவன்தான். விசைக்கு அடியில் இருக்கும் சுவிட்ச் என்ன நிறம் வேண்டும் என்று கேட்டான். நீலம் கிளிக் கிளிக் என்று சத்தமிடும், பழுப்பு பாதி வழியில் லேசாகத் தடுக்கும், சிவப்பு வழுக்கிக்கொண்டு போகும். இரவு வேலை பார்க்கிற வீட்டில் நீலம் வைத்தால் குடும்பத்தில் குழப்பம்தான். சிவப்பு வைத்துக்கொண்டேன். ஏறக்குறைய 45 கிராம் அழுத்தம், 4 மில்லிமீட்டர் ஆழத்தில் 2 மில்லிமீட்டர் இறங்கும்போதே எழுத்து விழுந்துவிடும். அடிவரை இடிக்கத் தேவையில்லை. இடிக்காமல் தட்டப் பழக எனக்கு நான்கு மாதம் பிடித்தது. லேப்டாப் விரல் லேசில் திருந்தாது.

விசைகள் செங்குத்துப் பத்திகளாக, விரலின் நீளத்துக்குத் தகுந்தபடி ஏறி இறங்கி இருந்தன. நடுவிரல் பத்தி மேலே, சுண்டுவிரல் பத்தி கீழே. சாதாரணக் கீபோர்டில் மேல் வரிசை கால் விசை அளவு இடப்பக்கமும் கீழ் வரிசை அரை விசை அளவு வலப்பக்கமும் நகர்ந்திருப்பது பழைய தட்டச்சுப்பொறியின் நெம்புகோல்கள் ஒன்றோடொன்று இடிக்காமல் போவதற்காக. நெம்புகோல் போய்விட்டது, கோணல் மட்டும் நிற்கிறது.

வேகத்தை அளக்க 300 சொல்லில் ஒரு பத்தியை எடுத்து வைத்துக்கொண்டேன். பழைய கீபோர்டில் ஒன்பது நிமிடம். புதியதில் முதல் நாள் நாற்பத்தொரு நிமிடம். அதற்குள் காபி இரண்டு முறை ஆறிப்போனது. மூன்றாம் வாரம் பதினைந்து நிமிடம். பழைய ஒன்பதைத் தொட மூன்று மாதம் ஆனது. இப்போது எட்டு. வேகத்துக்காக யாராவது இதை வாங்கச் சொன்னால் நம்ப வேண்டாம்.

‘ச’ பிரச்சினைக்கு முதல் நாளே வழி சொன்னான் பையன். ‘கீபோர்டுக்குத் தமிழ் தெரியாதுக்கா. இந்த நம்பர் விசை அமுங்குச்சுன்னு மட்டும்தான் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அதைத் தமிழாக்குறது விண்டோஸ். நாம அந்த நம்பரை எந்த விசைக்கு வேணா குடுத்துக்கலாம்.’ கியூஎம்கே என்ற இலவச ஃபர்ம்வேரில் (கீபோர்டுக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) பேக்ஸ்பேஸை இடது கட்டைவிரலுக்குத் தள்ளிவிட்டு, ‘ச’வை அதன் பழைய இடத்திலேயே குடிவைத்தோம். ‘ஞ’ மட்டும் ஒரு விசையைப் பிடித்துக்கொண்டு தட்டும் இரண்டாம் அடுக்குக்குப் போனது. பேச்சு பேச்சாக வந்தது.

ஒரு மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தேன். தோள் இறங்கிவிட்டது. மணிக்கட்டு நேராகிவிட்டது. இரண்டு பாதிக்கும் நடுவே தோள் அகல இடைவெளி விட்டு, உள்பக்க ஓரத்தின் அடியில் பழைய அழிப்பான்களை வைத்துச் சற்றுத் தூக்கியிருந்தேன். நடுவில் கிடைத்த இடத்தில் மூலப்பிரதியை வைத்தால் கழுத்தும் திரும்ப வேண்டியதில்லை. ஆனால் சுண்டுவிரலில் தொடங்கும் அந்தக் கோடு அப்படியே இருந்தது. கொஞ்சம்கூட நகரவில்லை.

பென்சில் கணக்கு

ஒரு ஞாயிற்றுக்கிழமை காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு சின்ன வாக்கியம்: மழை வந்தால் சாலை நனையும்.

மழைக்கு ம, ழ, ஐ: மூன்று தட்டு. வந்தாலுக்கு வ, ந, த, ஆ, ல, புள்ளி: ஆறு. ‘ந’வுக்குப் பின் ‘த’ வந்தால் நடுவில் புள்ளி தானாக விழும் என்பதால் ஒரு தட்டு மிச்சம். சாலைக்கு நான்கு. நனையுமுக்கு ஏழு. மொத்தம் இருபது. இடக்கைக்கு ஒன்பது, வலக்கைக்குப் பதினொன்று. அருமையான பங்கீடு என்று நினைத்துக்கொண்டே விரல்வாரியாகப் பிரித்தேன். வலக்கையின் பதினொன்றில் ழ, ந, ச, ந, ய என்று ஐந்து தட்டு சுண்டுவிரல் தலையில். இருக்கிற விரலிலேயே மெலிந்த விரல், கிட்டத்தட்டப் பாதி வேலையைச் செய்துகொண்டிருந்தது.

பிறகு அமைப்பைப் பார்த்தேன். இடது சுண்டுவிரலுக்கு அ, ஆ, ஔ ஆகிய மூன்றுதான். அதில் ஔ ஔவையாருக்கும் ஔடதத்துக்கும் தவிர எதற்கு வரப்போகிறது? வலது சுண்டுவிரலுக்கு ந, ண, ய, ச, ஞ, ழ. பதினெட்டு மெய்யில் ஆறு. அதிலும் ந, ண, ழ மூன்றும் விரலின் சொந்தப் பத்தியில் இருக்கின்றன. ‘ய’ ஒரு பத்தி வெளியே. ‘ச’ ஒரு பத்தி வெளியே, ஒரு வரிசை மேலே. ‘ஞ’ அதையும் தாண்டி. ‘ச’வை எட்டும் ஒவ்வொரு முறையும் என் மணிக்கட்டு வெளிப்பக்கம் ஒடிகிறது. பிசியோதெரபிப் பெண் காட்டிய அதே ஒடிவு. நான் செலவு செய்து கீபோர்டைப் பிளந்து அதை நிமிர்த்தினேன். ‘ச’ ஒவ்வொரு வாக்கியத்திலும் அதைத் திரும்ப ஒடித்துக்கொண்டிருந்தது.

இதற்கு நடுவே கட்டைவிரல்கள் என்ன செய்துகொண்டிருந்தன? கையிலேயே பலசாலி விரல் இரண்டும். பக்கத்துக்கு மூன்று விசை வீதம் ஆறு விசைகளைக் கையில் வைத்துக்கொண்டு, ஸ்பேஸும் பேக்ஸ்பேஸும் தட்டிக்கொண்டு, மற்ற நேரத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன.

‘ச’வைக் கட்டைவிரலுக்குக் கொடுப்பது என்று முடிவாயிற்று. எந்தக் கட்டைவிரல்? அங்கேதான் ஸ்பேஸின் இடத்தையும் யோசிக்க வேண்டி வந்தது. தமிழ்ச் சொல் பெரும்பாலும் உயிர் ஓசையிலோ புள்ளியிலோ முடியும். தமிழ்99-இல் இரண்டும் இடக்கை. ‘வந்த’, ‘பல’ மாதிரி அகரத்தில் முடிகிற சொற்கள் மட்டும்தான் வலக்கையில் முடியும். ஆகவே சொல்லின் கடைசித் தட்டு இடக்கை, ஸ்பேஸ் வலக்கை என்றால் கை மாறி மாறி ஓடும். ஸ்பேஸ் வலது கட்டைவிரலிலேயே நின்றது. அதற்கு உள்பக்கத்து விசையில் ‘ச’. மெய் வலக்கையில் என்ற தமிழ்99-இன் வழக்கும் கெடவில்லை.

பத்து நாள் மறுபடி கோமாளித்தனம். ‘சரி’ என்று அனுப்ப வேண்டிய இடத்தில் ‘ ரி’ போனது. அதன்பின் கட்டைவிரல் கற்றுக்கொண்டது. அந்த மாதத்தில் வேறு எதையும் நான் மாற்றவில்லை. மேசை, நாற்காலி, வேலை நேரம் எல்லாம் அதேதான். ஆறாவது வாரம் ஒரு காலையில் தோசை திருப்பும்போது, விரல் சாதாரணமாக மடங்கியதை நான் கவனிக்கக்கூட இல்லை. இரண்டு தோசைக்குப் பிறகுதான் உறைத்தது.

ருசி கண்ட பூனையாக ‘ய’வையும் கட்டைவிரலுக்குக் கொண்டுபோகப் பார்த்தேன். வலப்பக்கத்தில் மிச்சமிருந்த விசை அடுக்கு மாற்றத்துக்கு வேண்டும். ஆகவே இடது கட்டைவிரலில் வைத்தேன். மூளை ஒத்துக்கொள்ளவில்லை. மெய் என்றதும் வலக்கைதான் எழுந்தது. ‘வ’வையும் ‘ங’வையும் அங்கே பொறுத்துக்கொண்டதே பெரிது என்று விரல் சொல்வது போல இருந்தது. பன்னிரண்டு நாளில் ‘ய’ பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. பின்னாளில் சுண்டுவிரல் விசைகளுக்கு மட்டும் 35 கிராம் சுவிட்ச் மாட்டிச் சமாதானம் செய்துகொண்டேன்.

கஞிப்பாக அனுப்புகிறேன்

‘ஞ’ இன்னும் இரண்டாம் அடுக்கில் கிடந்தது. ‘அஞ்சல்’ என்று தட்ட ஒரு விசையைப் பிடித்து, இன்னொன்றைத் தட்டி, விட்டு… சோறு தின்ன ஏணி வைத்தாற்போல. பையன் ஒரு யோசனை சொன்னான். பக்கத்துப் பக்கத்து விசைகள் இரண்டை ஒரே நேரத்தில் அமுக்கினால் மூன்றாவதாக ஓர் எழுத்து வரும்படி வைக்கலாம். இரண்டு தட்டுக்கும் இடையே 50 மில்லிநொடிக்குள் என்றால் சேர்த்தி என்று கணக்கு. ‘ட’வும் ‘ண’வும் சேர்ந்தால் ‘ஞ’ என்று வைத்தோம்.

மறுநாள் ஒரு வாடிக்கையாளருக்கு நான் அனுப்பிய மின்னஞ்சல்: ‘மாலைக்குள் கஞிப்பாக அனுப்புகிறேன். வேறு ஏதும் வேஞுமா?’

‘ண்ட’ என்பது ண, ட என்று சரசரவென விழும் தட்டு. அது 50 மில்லிநொடிக்குள் முடிந்துவிடுகிறது. வேகம் திரும்பி வந்ததன் தண்டனை. சரி, வேறு ஜோடி பார்ப்போம் என்று ‘ற’வையும் ‘ன’வையும் எடுத்தால், ‘நன்றி’ ‘நஞி’ ஆகிறது. ‘ப’, ‘ம’ எடுத்தால் ‘ம்ப’ மாட்டிக்கொள்கிறது. ‘த’, ‘ந’ எடுத்தால் ‘ந்த’.

அப்போதுதான் இந்த அமைப்பைச் செய்தவர்கள் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது. இன எழுத்துகளை ஜோடி ஜோடியாகப் பக்கத்தில் உட்காரவைத்திருக்கிறார்கள். ண-ட, ன-ற, ந-த, ம-ப, ஞ-ச. எல்லா ஜோடியிலும் மெல்லினம் வலப்பக்கம், வல்லினம் அதன் இடப்பக்கம். ‘வேண்டும்’, ‘என்று’, ‘வந்து’, ‘அம்பு’ எல்லாமே வெளிவிரலிலிருந்து உள்விரலுக்கு உருண்டு வருகின்றன. மேசை மேல் விரல்களால் பொறுமையில்லாமல் தாளம் போடுவோமே, சுண்டுவிரலில் தொடங்கி, அதே ஓட்டம். இத்தனை ஆண்டுகளாக என் விரலுக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு ஜோடிதான் இந்த ஓட்டத்துக்குள் வராதது. ‘ஞ்ச’வில் இரண்டுமே சுண்டுவிரல்.

விடை அங்கேயே இருந்தது. ‘ச’ கட்டைவிரலுக்குப் போய்விட்டதால், அதன் பழைய இடம் காலி. ‘ஞ’வை அங்கே வைத்தேன். இப்போது ‘அஞ்சல்’ தட்டினால் சுண்டுவிரலிலிருந்து கட்டைவிரலுக்கு ஒரே உருளல்.

நண்பர்கள் செய்த கலாட்டா

சிறு கீபோர்டுக்காரர்கள் எல்லோரும் புகழும் ஒரு உத்தி உண்டு. நடுவரிசை விசைகளுக்கு இரட்டை வேலை கொடுப்பது. தட்டினால் எழுத்து, பிடித்தால் கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட். 200 மில்லிநொடிக்கு மேல் அமுங்கியிருந்தால் ‘பிடித்தது’ என்று ஃபர்ம்வேர் எடுத்துக்கொள்ளும். தொடக்க நாட்களில் நானும் ‘எஃப்’ விசையில் கன்ட்ரோலை வைத்தேன்.

ஆங்கிலத்தில் ‘எஃப்’ சாதாரண எழுத்து. தமிழ்99-இல் அது புள்ளி. புள்ளி இல்லாத தமிழ் வரி ஏது? போதாக்குறைக்கு அப்போது நான் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்த காலம். விரல் ஒவ்வொரு விசையிலும் உட்கார்ந்து யோசித்துவிட்டுத்தான் எழும். 200 மில்லிநொடி சர்வசாதாரணமாகத் தாண்டிவிடும். வேர்டு கோப்பில் ‘நண்பர்கள்’ என்று தட்டினேன். புள்ளிக்குப் பிறகு ‘ப’, அதாவது கன்ட்ரோல் ஜே: பத்தி முழுக்க இரண்டு ஓரமும் நேராகிவிட்டது. அடுத்த புள்ளிக்குப் பிறகு ‘க’, கன்ட்ரோல் ஹெச்: தேடி மாற்றும் பெட்டி திறந்துகொண்டது. மிச்சமிருந்த ‘ள்’ போய் அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்தது. ஒரே சொல்லுக்கு இவ்வளவு.

‘அவர்கள்’ என்றாலும் அதே பெட்டி. மரியாதை கொடுத்தால் பெட்டி திறக்கும் என்று வீட்டில் கேலி. அன்று மாலையே கன்ட்ரோல் பழையபடி ஓரத்து விசைக்குப் போய்விட்டது. அந்த உத்தியை ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் தாராளமாகப் பாராட்டட்டும்.

நடுவயர் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு பாதியையும் இணைப்பது ஹெட்போன் வயர் மாதிரியான ஒன்று. ‘யுஎஸ்பி செருகியிருக்கும்போது நடுவயரைப் பிடுங்காதீங்கக்கா, ஷார்ட் ஆயிடும்’ என்று பையன் முதல் நாளே சொன்னான். ஏழாம் மாதம் மேசை துடைக்கும்போது பிடுங்கினேன். இடப்பாதி செத்தது. உயிர் போனது என்றே சொல்லலாம், உயிரெழுத்தெல்லாம் அந்தப் பக்கம்தானே. மைக்ரோகன்ட்ரோலரை மாற்றி அவன் சரிசெய்து கொடுக்கும்வரை ஒரு வாரம் லேப்டாப்பில் தட்டினேன். மூன்றாம் நாளே தோள் காதுக்கு ஏறிவிட்டது.

இன்றைய நிலை

தோள், மணிக்கட்டு வலி இல்லை. காலை விறைப்பு இல்லை. எட்டு மணி நேரத்துக்கு மேல் தட்டுகிற நாளில் முழங்கையில் லேசாக ஒரு இழுப்பு வரும். தோள் இறங்கியதற்கு முழுப் பெயரையும் கீபோர்டுக்குக் கொடுக்க முடியாது. அந்த முதல் மாதத்தில் மேசை உயரத்தையும் குறைத்தேன், மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கவும் தொடங்கினேன். சுண்டுவிரல் மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாத கேஸ்.

நஷ்டக் கணக்கும் உண்டு. வீட்டில் வேறு யாராலும் என் கணினியில் கரண்ட் பில் கட்ட முடியாது. வெளியூர் போனால் லேப்டாப்பில் ‘ச’ தட்டப்போய்க் கட்டைவிரல் ஸ்பேஸில் இறங்குகிறது. ‘பேச்சு’ இப்போது அங்கே ‘பே’ என்று நின்று, பெரிய இடைவெளி விட்டு, தள்ளிப்போய் ஒரு ‘உ’ போடுகிறது.

தமிழ்99 தட்டாதவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்குகிறவர்களுக்குச் சுண்டுவிரல் சுமை வேறு, புள்ளியே கிடையாது. பையனின் அம்மா ஒரு டிடிபி சென்டரில் வேலை பார்ப்பவர். பழைய தட்டச்சுப்பொறி அமைப்பிலேயே இன்றும் மின்னலாக அடிப்பவர். முதலில் கொம்பு, அப்புறம் எழுத்து என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் போகும் அமைப்பு அது. உயிர் ஒரு பக்கம், மெய் ஒரு பக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அவரும் தோள் வலி என்றார். ஒரு மதியம் என் மேசையில் உட்காரவைத்தேன். ஓரத்தில் அவர் தேடிய எழுத்துகளுக்கு விசையே இல்லை. கால் மணி நேரத்தில் எழுந்துவிட்டார். ஆனால் எழுந்தபிறகும் இரண்டு கையையும் அந்தப் பாதிகளின் மேல் அகலமாக வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

‘ஏம்மா, இந்தச் ச-வை அங்க வைக்கிறது, ஞ-வை இங்க வைக்கிறது, அதெல்லாம் எனக்கு வேணாம். எல்லா எழுத்தும் பழைய இடத்துலயே இருக்கட்டும். நடுவுல மட்டும் பிளந்து குடுக்கச் சொல்லு அவன்கிட்ட.’

அறுபதுக்கும் மேற்பட்ட விசைகளோடு, எந்த வரிசையும் குறையாமல் நடுவில் மட்டும் பிளந்த ஒரு பலகையைப் பையன் இப்போது தேடிக்கொண்டிருக்கிறான். நீல சுவிட்ச்தான் வேண்டுமாம். மெஷினில் அடிக்கிற சத்தம் கேட்க வேண்டும் என்கிறார்.